நாய்ச் சோற்றில் காட்டுக்கீரை

புரட்டாசி மழைக்குச் சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளில் பண்ணைக்கீரை தானாக முளைத்துக் கிடக்கும். மருந்து அடிக்காத காட்டில் பறித்ததென்றால் வீட்டு நாய்க்கும் கொஞ்சம் கொடுக்கலாம். வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஒரு கரண்டி மட்டும் சோற்றில் பிசையுங்கள். கறியும் முட்டையும்தான் அதற்குச் சாப்பாடு. கீரை சும்மா துணைக்கு. நாம் கடைந்த கீரை வேண்டாம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கீரையைவிடக் கவனிக்க வேண்டியது ஆமணக்கு. கொட்டையிலுள்ள ரிசின் என்ற நஞ்சு, எண்ணெய் ஆட்டிய பிறகும் பிண்ணாக்கில் தங்கியிருக்கும். தென்னைக்கு உரமாகப் போட்ட பிண்ணாக்கை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்றுவிடும். வாந்தி, இரத்தக்கழிச்சல் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.