கிர்மிஸும் கிருமியும்

செங்காய்ச்சலை அரபு மொழியில் ‘அல்ஹும்மா அல்கிர்மிஸிய்யா’ என்பர். ஹும்மா என்பது காய்ச்சல். கிர்மிஸ் என்பது கருவாலி மரத்தில் ஒட்டிவாழும் சிறு பூச்சியையும் அது தரும் செஞ்சாயத்தையும் குறிக்கும். பாரசீகம் வழியே அரபுக்கு வந்த இச்சொல், புழுவைக் குறிக்கும் ‘கிருமி’ என்னும் வடசொல்லோடு உறவுடையது. அக்கிருமியையே நாமும் தமிழில் வழங்குகிறோம்.

1676இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இந்நோயை ‘ஸ்கார்லட்டினா’ என விவரித்தபோதும் நிறமே பெயராயிற்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

மதுரைச் சீமைப் பிள்ளைகளின் மாநிற மேனியில் அச்செம்மை எளிதில் புலப்படாது. உப்புத்தாள் போன்ற சொரசொரப்பைக் கைதான் உணரும். மருந்தை இடையில் நிறுத்தினால், பின்னாளில் இதய வால்வுகள் பழுதுறவும் கூடும். ஆகவே பெயர் சுட்டும் நிறத்தை விட, அதன் வேரில் உறையும் கிருமியையே நாம் கருத்தில் கொள்ளல் வேண்டும்.