சர்வருக்கு பேட்ச் போடுவது ஏன் அவசியம்?

அந்தியூரில் இருந்து ஈரோடு, கோவைக்குப் போய் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். "இன்னிக்கு ராத்திரி சர்வருக்கு பேட்ச் போடணும், வர லேட்டாகும்" என்று அவர்கள் சொன்னால், அது என்ன வேலை என்று பெற்றோருக்குப் புரிவதில்லை.

பல கணினிகளுக்கும் பொதுவாக விவரங்களைச் சேமித்துத் தரும் கணினிதான் சர்வர். மருத்துவமனையின் நோயாளி விவரம், கடையின் பில் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். அதன் மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரியவந்தால், அதை அடைக்க வெளியிடப்படும் திருத்தமே பேட்ச்.

2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. பலர் அதைப் போடவில்லை. மே 12-ல் 'வான்னாக்ரை' வைரஸ் அதே ஓட்டை வழியாகப் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. ஆந்திராவில் காவல் துறைக் கணினிகளும் பாதிக்கப்பட்டன.

அப்படியானால் வந்த உடனே எல்லாவற்றிலும் போட்டுவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். லினக்ஸ், மேக் கணினிகளுக்கு அன்று பாதிப்பில்லை.

ஒரே அலுவலகத்தில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்தால் வேலை இன்னும் கூடும். விண்டோஸ் பேட்ச் பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். லினக்ஸுக்கு எந்த நாளிலும் வரலாம். உபுண்டுவுக்கும் ரெட் ஹேட்டுக்கும் போடும் முறையே வேறு. பல பேட்ச்களுக்கு சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். அதனால்தான் ஆள் நடமாட்டம் இல்லாத இரவு நேரம்.

எனவே அனுபவசாலிகள் முதலில் எந்த சர்வரில் என்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுப்பார்கள். பேக்அப் எடுத்து, ஒரு சோதனை சர்வரில் போட்டுப் பார்த்து, பிறகு சில சில சர்வர்களாகப் போடுவார்கள். ஆயுள் முடிந்தவற்றை மாற்றுவார்கள்; சென்ட்ஓஎஸ் 7-க்கு இலவச பேட்ச் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது.

கடையோ பள்ளிக்கூடமோ நடத்துபவர்கள் தங்கள் கணினி ஆளிடம் இன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள்: கடைசியாக எப்போது பேட்ச் போட்டீர்கள்? பேக்அப் இருக்கிறதா? அதிலிருந்து விவரங்களை மீட்டுப் பார்த்தீர்களா?