கணிப்பொறி மயங்கி விழுந்தால்...

வகுப்பில் ஆசிரியை கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டிருக்கிறார். எங்கோ ஒரு பிழை. விடை சரியாக வரவில்லை. அந்நேரம் யாரோ பலகையைத் துடைத்துவிட்டால், பிழை எந்த வரியில் நேர்ந்தது என்று எவரால் சொல்ல இயலும்? கணிப்பொறி திடீரென நின்றுபோகும்போதும் இதே தொல்லைதான்.

கணிப்பொறியின் உள்ளிருந்து அனைத்தையும் ஆளும் மென்பொருளுக்குக் 'கெர்னல்' என்று பெயர். நினைவகத்தைப் பங்கிடுவதும், எல்லா நிரல்களுக்கும் முறைவைத்து நேரம் தருவதும் அதன் பணிகள். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் அத்தகைய கெர்னலாகும். சாதாரண நிரல் ஒன்று தவறினால் கெர்னல் அதை நிறுத்திவிடும். கெர்னலே தவறினால்? மேலும் கேடு விளையாதபடி அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இதைப் 'பேனிக்' என்பர். திரும்பத் தொடங்கினால் பொறி ஓடும். ஆனால் நினைவகத்தில் இருந்த தடயங்கள் அழிந்துவிடும். காரணம் தெரியாததால் அதே கோளாறு நாளையும் வரலாம். மருத்துவமனையிலோ வங்கியிலோ இப்படி நேர்ந்தால் எத்தனை பேருக்குத் துன்பம்!

இதற்குக் கண்ட வழியே 'கேடம்ப்'. முன்பெல்லாம் நிலைகுலைந்த கெர்னலே தன் நினைவை வட்டில் எழுத வேண்டியிருந்தது. மயக்கத்தில் இருப்பவர் கையில் பேனாவைக் கொடுத்தது போல, நல்ல கோப்புகளும் கெட்டுப்போகும் அபாயம் இருந்தது. கேடம்ப் முறையில் நினைவகத்தின் சிறு பகுதி முன்னரே ஒதுக்கப்படுகிறது. அதில் இரண்டாவது கெர்னல் காத்திருக்கிறது. முதலாவது விழுந்ததும், 'கெக்செக்' என்னும் வழியில் இது எழுந்து, பழைய நினைவகத்தைப் படியெடுத்து வைத்த பிறகே பொறியைத் திரும்பத் தொடங்குகிறது. பலகையைத் துடைக்குமுன் வேறோர் ஆசிரியை வந்து எழுதிக்கொள்வது போன்றது இது! விவேக் கோயல், எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் 2005இல் ஒட்டாவா நகர மாநாட்டில் இம்முறையை விளக்கினர்.

ரெட் ஹாட் வகை லினக்ஸில் இதை நடத்தும் முறையைக் காண்போம். கட்டளைகளை நிர்வாகியே தட்டச்சு செய்ய வேண்டும். முதலாவதாக, பொறி தொடங்கும் வரியில் 'கிராஷ்கெர்னல்' என்ற குறிப்பால் 256 மெகாபைட் போன்ற ஓர் அளவை ஒதுக்கி, பொறியை ஒருமுறை திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டாவதாக, 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் கேடம்ப்' என்றால் ஒவ்வொரு முறையும் சேவை தானே தொடங்கும். 'எனேபிள்' இருந்த இடத்தில் 'ஸ்டார்ட்' என்றால் அப்போதே தொடங்கும். 'ஸ்டேட்டஸ்' என்று கேட்டால் 'ஆக்டிவ்' என விடை வரவேண்டும். அருகில் 'எக்சிட்டட்' என்றிருந்தால் அஞ்ச வேண்டாம். இரண்டாவது கெர்னலை ஏற்றிவைத்ததும் சேவையின் வேலை முடிந்தது என்பதே பொருள். அமைப்புக் கோப்பைத் திருத்தினால் 'ரீஸ்டார்ட்' செய்ய மறக்கலாகாது.

படியெடுத்த கோப்பு 'வார்' என்னும் கோப்புறைக்குள் 'கிராஷ்' என்ற இடத்தில், தேதியிட்ட உறையில் 'விஎம்கோர்' என்ற பெயரில் இருக்கும். 'கிராஷ்' என்னும் கருவியால் அதைத் திறந்து, கடைசி நொடியில் நடந்ததை வல்லுநர் ஆராய்வர். நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்களும் அதில் இருக்கக்கூடும். ஆகவே அதைக் கண்டவரிடம் கொடுக்கலாகாது.

ஏற்பாடு செய்ததோடு நின்றுவிடவும் கூடாது. 'சிஸ்ஆர்க்யூ டிரிகர்' என்னும் கோப்புக்குள் 'சி' என்ற ஒரே எழுத்தை அனுப்பினால் பொறி உடனே விழும். பிறர் பயன்படுத்தாத பொறியில், வேலைகளைச் சேமித்துவிட்டு, இவ்வாறு சோதித்துப் படி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதிக்காத ஏற்பாட்டை நம்பியிருந்தால், உண்மையான ஆபத்து நாளில் வெறும் கோப்புறையே எஞ்சலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். விழுந்த பின் கேடம்பைத் தொடங்கிப் பயனில்லை. பொறி நலமாயிருக்கும் நாளில்தான் அதைச் செய்ய வேண்டும். தவறு நேர்வது இயல்பு. அதன் காரணத்தை அறியாமல் துடைத்துவிடுவதே பெருந்தவறு. இதை நாமும் நினைவிற்கொள்வோமாக!