கையெழுத்துக்கு முன் – 9: ‘பாக்கலாங்க’

கோவை கணபதியில், வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருந்தார் அவர். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், இரண்டு வேலையாட்கள். 2012-இல் நான் முதன்முதலாக அவரைப் பார்க்கப் போனபோது அவருக்கு 34 வயது. மூத்தவள் இரண்டாம் வகுப்பு. இளையவன் இன்னும் பள்ளியில் சேரவில்லை. மூன்றாவது மிஷினுக்காக வங்கியில் கடன் வாங்கியிருந்தார். ஆயுள் காப்பீடு யாருக்கு அவசியம் என்று கேட்டால் இப்படியொரு வீட்டைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

நான்கு மாதங்களில் ஏழு முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஸ்டூலை இழுத்துப் போடுவார். டீ வரும். சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். கடைசியில் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரே வார்த்தை சொல்வார்: “பாக்கலாங்க.”

முகவராகச் சேர்ந்த காலத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சியில், தயக்கங்களுக்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. ‘இப்போ பணம் இல்லை’ என்றால் ஒரு பதில். ‘வீட்ல கேக்கணும்’ என்றால் ஒரு பதில். ‘சீட்டு போட்டிருக்கேன்’ என்றால் இன்னொன்று. அந்தப் பதில்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஏழு முறையில் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்து முடித்திருந்தேன்.

எட்டாவது முறை போனபோது அவர் இல்லை. சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். திண்ணையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். “நீங்கதான் அந்த இன்சூரன்ஸ்காரருங்களா கண்ணு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உள்ளே பாலிசிப் பத்திரமும் இரண்டு ரசீதுகளும் இருந்தன.

“இவங்கப்பா கட்டுனதுங்க. ஒரு பைசா வரல.”

படித்துப் பார்த்தேன். 2005-இல் எடுத்த பாலிசி. ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம். இரண்டு ஆண்டு கட்டியிருக்கிறார். மூன்றாம் ஆண்டு மகள் கல்யாணம் வந்ததால் கட்டவில்லை. நான்காம் ஆண்டு மாரடைப்பில் போய்விட்டார். அன்றைய விதிப்படி மூன்று ஆண்டு பிரீமியம் கட்டியிருந்தால்தான் இத்தகைய பாலிசிக்கு ஏதாவது மதிப்பு நிற்கும். இரண்டு ஆண்டோடு நின்றால் லேப்ஸ், கட்டியதும் போயிற்று. தவணை தவறினாலும் 30 நாள் சலுகைக்காலம் உண்டு, அதற்குப் பிறகும் வட்டியோடு கட்டிப் புதுப்பிக்கலாம் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. பாலிசி போட்டுக் கொடுத்த முகவர் அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லையாம்.

ஏழு முறை நான் கேட்ட ‘பாக்கலாங்க’வுக்குள் இந்த இரண்டு ரசீதுகள்தான் இருந்திருக்கின்றன. பணம் இருக்கிறதா, வயது ஏறினால் பிரீமியம் ஏறுமே, பிள்ளைகள் படிப்புக்கு என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தயக்கத்துக்குக் காது கொடுங்கள்

அடுத்த நாள் அவரிடம் நான் திட்டம் எதையும் பேசவில்லை. “அம்மா ரசீதைக் காட்டுனாங்க தம்பி. உங்க அப்பாகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டது எங்க தொழில் செஞ்ச தப்பு. நீங்க தயங்குறது நியாயம்தான்” என்றேன். பிறகு, “வேற என்ன மனசுல இருக்குது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முன்பெல்லாம் எதிரில் இருப்பவர் இரண்டு நொடி பேசாவிட்டால் அந்த இடைவெளியை நான் நிரப்பிவிடுவேன். அன்று காத்திருந்தேன்.

மிஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. வர்ற பணத்தை மிஷின் கடனுக்குன்னு பேங்க்ல எடுத்துக்குவாங்க. அப்புறம் நான் யாருக்குங்ணா கட்டறது?”

தொழில் செய்கிற மனிதரின் உண்மையான கேள்வி அது. அதற்கு நம் சட்டத்தில் 1874-ஆம் ஆண்டிலிருந்தே விடை இருக்கிறது. மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, கணவர் தன் பேரில் எடுக்கும் பாலிசியை மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று எழுதி வைக்கலாம். அப்படி எழுதினால் அது அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்து. கணவரின் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்த பாலிசி என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. ஆனால், விண்ணப்பம் எழுதும்போதே இதைக் குறிப்பிட வேண்டும். பின்னால் எடுத்தவரே மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது. இத்தனையும் சொன்னேன். “இதை ஏனுங்க முதல் நாளே சொல்லல?” என்றார். நீங்கள் கேட்டதே இன்றைக்குத்தான் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அவரைக் கேட்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தவன் நான்தான்.

இந்தத் தொடரைப் படிக்கும் இளம் முகவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். தயக்கத்தை உடைத்து விற்ற பாலிசி நிலைக்காது. நம் தொழிலில் 13-ஆம் மாதம், 61-ஆம் மாதம் என்று கணக்குப் பார்ப்பார்கள்; விற்ற பாலிசிகளில் எத்தனை அந்த மாதங்களைத் தாண்டி உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கு. முகவருக்காகவும் உறவுக்காகவும் ‘சரி, போட்டுத் தொலைக்கிறேன்’ என்று கையெழுத்திட்டவர் இரண்டாம் தவணையிலேயே நின்றுவிடுவார். நஷ்டம் அவர் குடும்பத்துக்கு. அந்த வீட்டின் அடுத்த தலைமுறை, நமக்குப் பின்னால் வருகிற முகவரிடம் ‘பாக்கலாம்’ என்று சொல்லும்.

ஒவ்வொரு ‘பார்க்கலாம்’ என்பதற்குப் பின்னும்

சில வீடுகளில் தடுப்பது ‘சாவு’ என்ற ஒரு வார்த்தைதான். விளக்கு வைக்கும் நேரத்தில் சாவைப் பற்றிப் பேசுகிறானே என்று வீட்டுப் பெண்கள் எழுந்து உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. துணை மீதுள்ள பாசம்தான் அது. அவர்களிடம் நான் இப்போது கேட்பது வேறு. மாதம் வீட்டுக்கு எவ்வளவு ஆகிறது? இந்தப் பிள்ளை சம்பாதிக்க இன்னும் எத்தனை வருஷம்? கடன் எவ்வளவு பாக்கி? ஒரு தாளில் அவர்களையே எழுதச் சொல்வேன். கூட்டி முடிக்கும்போது, நான் சொல்லத் தயங்கிய வார்த்தையை அவர்களே வேறு விதமாகச் சொல்லிவிடுவார்கள்.

‘டேர்ம் பாலிசியில் பணம் திரும்ப வராதே’ என்பது இன்னொரு தயக்கம். சிறுகச் சிறுகச் சேர்த்தே பழகிய நம் மக்களுக்கு, கட்டிய பணம் திரும்பாது என்பது மனதுக்கு ஒப்பாது. அவர்களிடம் வாதாடுவதில்லை. மாத வரவு மிகக் குறைவாக இருந்தால், வங்கியில் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேரச் சொல்வேன். 2015-இல் 330 ரூபாயாகத் தொடங்கி, 2022 முதல் ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எனக்கு அதில் வருமானம் கிடையாது. ஆனாலும், 436 ரூபாய்க்கு ஓராண்டுப் பாதுகாப்பு என்றால் என்ன என்பதை அந்தக் குடும்பம் அதன் மூலம் தானாகவே புரிந்துகொள்கிறது. ‘பிரீமியத்துக்கு மேல 18 சதவீதம் வரி வேறயா?’ என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் எளிது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

‘கட்டுற வரைக்கும் கட்டிட்டு, பாதியில முடியலன்னா?’ என்று கேட்பவர்களிடம், லேத் பட்டறைக்காரரின் அப்பாவுக்குக் கிடைக்காத விவரங்களைச் சொல்கிறேன். மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் சலுகைக்காலம். பங்குச்சந்தையோடு சேராத பாலிசி லேப்ஸ் ஆனாலும் ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். 2024 அக்டோபர் முதல் வந்த விதிப்படி, சேமிப்பு வகைப் பாலிசிகளில் ஓராண்டு பிரீமியம் முழுதாகக் கட்டி ஓராண்டு முடிந்திருந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு.

மிகவும் ஆபத்தான தயக்கம் ஒன்று இருக்கிறது. “சர்க்கரை இருக்குதுங்க. எழுதினா பிரீமியம் ஏத்திருவாங்களே, அதை விட்டுருங்களேன்.” இந்த இடத்தில் தலையாட்டினால் கையெழுத்து உடனே கிடைக்கும். தயவுசெய்து ஆட்டாதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது என்று காப்பாற்றுகிறது. அந்த மூன்று ஆண்டுக்குள் மரணம் நேர்ந்தால், மறைத்த சர்க்கரையைக் காட்டி க்ளெய்மை மறுக்க இடம் இருக்கிறது. லேப்ஸ் ஆகிப் புதுப்பித்தால் அந்த மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். கணவர் மறைத்ததற்கான பதிலை விதவையாக நிற்கும் மனைவி சொல்ல வேண்டிவரும். கூடுதல் பிரீமியத்தோடு உண்மையை எழுதுங்கள். அவர் மறுத்தால் அந்த விண்ணப்பத்தையே விட்டுவிடுங்கள்.

‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்பதைத் தட்டிக்கழிப்பு என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அதைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. நாளை க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்திடப் போவது அந்த வீட்டு அம்மாள்தானே. “அவங்க வீட்ல இருக்கிற நேரமாப் பாத்து வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பட்டறைக்காரர் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. மூன்று வாரம் கழித்து, மனைவியும் அம்மாவும் பக்கத்தில் இருக்க, நான் நினைத்ததைவிடக் குறைந்த தொகைக்கு ஒரு டேர்ம் பாலிசிக்குக் கையெழுத்திட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள் பெயரும் 1874-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் ஏறின. பத்திரம் வந்ததும் படித்துப் பார்க்க 15 நாள் உண்டு, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று சொல்லியிருந்தேன். இன்று அது 30 நாள்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. அவர் மனைவி. “அண்ணங்க, பையன் பொறந்த வருஷம் தப்பா அடிச்சிருக்குதுங்க. மாத்திக் குடுப்பீங்களா?”

பத்திரம் பீரோவுக்குள் போகாமல், அந்த வீட்டில் ஒருவர் அதை வரிவரியாகப் படித்திருக்கிறார். மறுநாளே திருத்தத்துக்குக் கொடுத்தேன். பட்டறையில் சுவிட்ச் போர்டுக்கு மேலே, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் இடத்தில், பிரீமியத் தேதியை மார்க்கரில் எழுதி வைத்தார் அவர். 61-ஆம் மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்தப் பாலிசி இன்றும் உயிரோடு இருக்கிறது.

(அடுத்த வாரம்: நாமினிக்கே தெரியாத பாலிசிகள்)

– தொடரும்