மிதக்கும் ரயிலும் உராய்வும்

ஆறாம் வகுப்பில் காந்தவியல் நடத்தும்போது, ஒரு பென்சிலில் இரண்டு வளையக் காந்தங்களை ஒத்த துருவங்கள் எதிரெதிரே இருக்குமாறு மாட்டிக் காட்டுவேன். மேல் காந்தம் அந்தரத்தில் நிற்கும். "ஜப்பானின் மிதக்கும் ரயில் இப்படித்தான். உராய்வு இல்லை, அதனால் வேகம்" என்று முடித்துவிடுவேன். பல ஆண்டுகளாக இதே கதைதான். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ சக்கரம் வச்ச ரயில் அவ்வளவு வேகமா போகவே முடியாதா டீச்சர்?"

முடியாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 2007 ஏப்ரலில் பிரான்சின் டிஜிவி சோதனை ரயில், எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரங்களோடு மணிக்கு 574.8 கி.மீ. வேகத்தில் ஓடியிருக்கிறது. ஜப்பானின் காந்த ரயில் 2015 ஏப்ரலில் யமனாஷி சோதனைத் தடத்தில் எட்டியது 603 கி.மீ. வித்தியாசம் 30 கி.மீ. கூட இல்லை!

எஃகின் மேல் எஃகு உருளும்போது எழும் உராய்வு மிகச் சிறியது. அதிவேகத்தில் ரயிலைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும்; மிதக்கும் ரயிலுக்கும் இதிலிருந்து தப்ப வழியில்லை. சக்கர ரயிலின் சிக்கலோ நான் சொல்லிவந்ததற்கு நேர்மாறானது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றினால்தான் ரயிலை முன்னே தள்ளவும் நிறுத்தவும் முடியும். வேகம் கூடக் கூட, அதிலும் மழையில், அந்தப் பிடிமானம் குறைகிறது. அதாவது, உராய்வு போதவில்லை.

காந்த ரயிலுக்குப் பிடிமானம் தேவையில்லை. மோட்டாரின் கம்பிச்சுருளைப் பிரித்து வழி நெடுகப் பரப்பியது போன்ற அமைப்பு அது. தடத்திலுள்ள சுருள்களே ரயிலை இழுத்தும் தள்ளியும் நகர்த்துகின்றன.

பென்சில் காந்தமும் முழுக்கப் பொருந்தாது. ஜப்பானிய ரயிலில் இருப்பவை திரவ ஹீலியத்தால் −269° செல்சியஸுக்குக் குளிர்விக்கப்பட்ட மீக்கடத்துக் காந்தங்கள். அவை வேகமாகக் கடக்கும்போதுதான் பக்கச்சுவர்ச் சுருள்களில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, ரயில் சுமார் 10 செ.மீ. உயரும். மணிக்குச் சுமார் 150 கி.மீ. வரை அதுவும் ரப்பர் சக்கரங்களில்தான் ஓடுகிறது! ஷாங்காய் விமான நிலைய ரயிலில் விலக்கு விசையே இல்லை. தடத்தின் அடிப்பக்கம் வரை வளைந்திருக்கும் மின்காந்தங்கள் மேல்நோக்கி ஈர்க்கப்பட்டு ரயிலைத் தூக்குகின்றன. இடைவெளி சுமார் 1 செ.மீ.தான்.

பிறகு ஏன் எங்கும் காந்த ரயில் வரவில்லை? டிஜிவி பழைய தண்டவாளத்தில் ஏறி பாரிஸின் பழைய நிலையங்களுக்கே போய் நிற்கும். காந்த ரயிலோ தன் தடத்தை விட்டு வெளியே வராது. முழுப் பாதையையும் புதிதாகக் கட்ட வேண்டும். டோக்கியோ–நகோயா இடையே 286 கி.மீ.க்குக் கட்டப்படும் பாதையில் பெரும்பகுதி சுரங்கம். 2027இல் திறக்கும் திட்டம் கைவிடப்பட்டுவிட்டது.

ஏழாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்த மாணவியிடம் போய், நான் சொன்னது தவறு என்றேன். இப்போதெல்லாம் காந்தத்தை எடுக்கும் முன், "ரயில் ஓட உராய்வு வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்கிறேன். வகுப்பு இரண்டு கட்சியாகிவிடுகிறது.