ஆறாத புண்ணும் அறுவை மருத்துவமும்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்தில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் நின்றே பணிபுரிந்தவர். கணுக்காலுக்கு மேலே துணி சுற்றியிருந்தார். "நான்கு வருடமாகப் புண் ஆறவில்லை, ஐயா, போடாத களிம்பு இல்லை" என்றார். புண்ணின்மேல் எதைப் பூசுவது என்றே நாம் கேட்கிறோம்; ஏன் ஆறவில்லை என்று கேட்பதில்லை.

காலிலுள்ள குருதி இதயம் நோக்கி மேலே ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி அதனை உந்துகிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. வால்வுகள் பழுதானால் குருதி தேங்கிச் சிரைகள் புடைத்து நெளியும். நெடுநேரம் நின்று உழைப்போரிடம் இக்குறை மிகுதி. இதனை மக்கள் நரம்புச் சுருட்டல் என்பர். நரம்பு வேறு, சிரை வேறு என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் அவ்வழக்கு மாறவில்லை! அழுத்தம் மிகுந்து கணுக்கால் தோல் கறுத்துத் தடித்தபின், சிறு கீறலும் ஆறாப் புண்ணாகிவிடும்.

இறுக்கமான அடுக்குக் கட்டே இதற்கு முதல் மருத்துவம். ஆயினும் தமனி அடைபட்ட காலை இறுகக் கட்டினால் கேடு விளையும். ஆகவே மருத்துவர் முதலில் தமனியைச் சோதிப்பார். அடைப்பிருப்பின் அதனை நீக்குவதே முதல் வேலை. பழுதான சிரையை மெல்லிய குழாய் செலுத்தி வெப்பத்தால் மூடுவதும் உண்டு. 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் 450 நோயாளர் பங்குகொண்டனர். எல்லோர்க்கும் கட்டுப் போட்டனர். உடனே சிரையை மூடிக்கொண்டவருள் பாதிப்பேர்க்கு 56 நாளில் புண் ஆறியது. அதனைத் தள்ளிப்போட்டவர்க்கு 82 நாளாயிற்று.

புண் அகன்றதாயின் தோல் ஒட்ட வேண்டும். 1869இல் பாரிஸில் ரெவெர்தென் என்னும் இளம் மருத்துவர் சிறுசிறு தோல் துணுக்குகளைப் புண்ணில் பதித்தார்; அவை உயிர்பிடித்துப் பரவின. இன்று தொடையிலிருந்து மெல்லிய ஏடாகத் தோலைச் சீவி எடுக்கிறார்கள். முதல் இரு நாள் அவ்வேடு புண்ணின் நீரையே உறிஞ்சி வாழும்; பிறகு கீழிருந்து குருதிக்குழாய்கள் முளைத்து ஏறும். புண்ணில் அழுகல் இருந்தாலோ, கால் அசைந்தாலோ ஏடு ஒட்டாது. எனவே செத்த சதையை முன்னரே வெட்டி அகற்றுவர்.

உணர்விழந்த பாதத்தின் புண் வேறு வகை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரை ஆராய்ந்து, வலி தெரியாமல் மிதித்து மிதித்தே அப்புண் உண்டாகிறது என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்தின் சுமையைக் குறைத்ததும் புண்கள் ஆறின. நீரிழிவுப் பாதத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

நம் வட்டாரத்திற்குரிய செய்தி இன்னொன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலைத் தீயில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய தீவிபத்துகளில் மாண்டவரை எண்ணுகிறோம். தழும்போடு பிழைத்தவரை மறந்துவிடுகிறோம். தீப்புண் தழும்பு வெடித்துப் பல்லாண்டு ஆறாதிருப்பின், அரிதாக அங்கே புற்றுநோய் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் மார்ஷோலேன் 1828இல் விவரித்த தழும்புப் புண்களுக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஆழ்ந்த தீப்புண்ணுக்குக் காலத்தே தோல் ஒட்டினால் இவ்வாபத்து குறையும். நாட்பட்ட புண்ணாயின், விளிம்பில் சிறு துண்டெடுத்துச் சோதித்தல் வேண்டும்.

என் மாணவர்க்கும் அச்சோதனை நடந்தது, புற்றுநோய் இல்லை. சிரையை மூடித் தோலும் ஒட்டினார்கள். இப்பொழுது மணிக்கொருமுறை அச்சக முற்றத்தில் நடந்துவிட்டு வருகிறார். முதலாளி முதலில் முணுமுணுத்தாராம்.