பிடி சரியா?

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்குப் பிறகு மார்கழி வரை ஆஃப்செட் மெஷின்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த ஓட்டத்தில் மை ரோலரின் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோனால், ரோலர் லேத் பட்டறைக்கு வரும். தேய்ந்த இடத்தைக் கடைந்து குறைத்து, புஷ் ஏற்றி, மறுபடி பேரிங் அளவுக்குக் கடைய வேண்டும். லேத்தில் ஷாஃப்டைக் கவ்விச் சுழற்றும் சக்குகளில் எதில் பிடிப்பது என்பதுதான் டர்னரின் முதல் யோசனை.

அன்றாட வேலைக்கு த்ரீ ஜா சக் போதும். ஒரு துளையில் சாவி போட்டுத் திருகினால் மூன்று ஜாவும் சேர்ந்தே நகர்ந்து கம்பியைக் கவ்வும். உள்ளே ஒரு தட்டு. அதன் முகத்தில் சங்குசக்கரத்தின் சுற்றுப் போலச் சுருள் பள்ளம், முதுகில் பற்கள். சாவி தட்டைச் சுழற்ற, பள்ளத்தில் மாட்டிய ஜாக்கள் ஒரே அளவு உள்ளே வரும். சுருளின் வெவ்வேறு இடத்தில் மாட்டுவதால் ஜாக்களின் பற்கள் சற்றுத் தள்ளித் தள்ளி வெட்டப்பட்டவை. 1, 2, 3 என்று அடித்திருக்கும் வரிசை மாறினால் மூன்றும் நடுவில் சந்திக்காது. அமெரிக்காவில் சைமன் ஃபேர்மன் 1840-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

ஆனால் சுருளின் வளைவு நடுவில் நெருக்கம், ஓரத்தில் விரிவு. ஜாவின் பல்லோ ஒரே வளைவில் வெட்டியது. எல்லா இடத்திலும் முழுசாகப் படியாமல், தொட்ட இடத்திலேயே தேய்கிறது. தினமும் ஒரே சைஸைப் பிடிக்கும் பட்டறையில் அந்த சைஸுக்குரிய இடம்தான் முதலில் போகும். பழைய சக் மையம் விலகி 0.1 மி.மீ. அவுட் அடிப்பது சகஜம். புதுக் கம்பியை ஒரே பிடியில் கடைந்து முடிப்பதற்கு அது பாதகமில்லை. கடைந்த ஷாஃப்டைத் திரும்பப் பிடிக்கும்போதுதான் வம்பு. காகிதத்தில் படியும் மை ஓரிரு மைக்ரான் கனம்தான். மையம் விலகிய ரோலர் சுற்றுக்கொரு முறை கூடுதலாக அமுங்கினால் அச்சில் பட்டை விழும்.

அதற்குத்தான் ஃபோர் ஜா. ஒவ்வொரு ஜாவுக்கும் தனி ஸ்க்ரூ. ஷாஃப்டின் தேயாத பகுதியில் டயல் கேஜை வைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். முள் ஏறும் பக்கத்து ஜாவை இறுக்குமுன் எதிர் ஜாவைத் தளர்த்த வேண்டும். முள் 20 கோடு ஆடினால் நகர்த்த வேண்டியது 10 கோடுதான். பொறுமையுள்ள கை 0.01 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிடும். அவசரக்காரருக்கு ஃபோர் ஜா ஆகாது.

மெல்லிய குழாய் என்றால் வேறு தொல்லை. த்ரீ ஜாவில் இறுக்கினால் மூன்று இடத்தில் நசுங்கும். அந்த நிலையில் உள்துளையை வட்டமாகக் கடைந்து கழற்றினால், குழாய் பழைய வடிவுக்குத் திரும்பி, துளை மூன்று மூலையாகிவிடும். எதிரெதிர் இரு புள்ளிகளை மட்டும் அளக்கும் கருவி எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே விட்டத்தைக் காட்டும். பேரிங் மட்டும் உள்ளே உட்கார மறுக்கும்.